'ப்ராவனன்ஸ்': மியூசியத்துச் சாமி சிலைக்குப் பக்கத்தில் ஒரு சொல்

வெளிநாட்டில் ஒரு பெரிய ஊரில் இருக்கிற தமிழ்க் குடும்பம் என்றால், அப்பா அம்மா ஊரிலிருந்து வந்திருக்கும்போது ஒரு தடவையாவது மியூசியம் போயிருப்பீங்க. தெற்காசியக் கூடத்தில் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு நடராஜரோ சோமாஸ்கந்தரோ பார்வதியோ இருப்பார்கள். பக்கத்தில் ஒரு சின்ன அட்டை. பெயர், "இந்தியா, தமிழ்நாடு, சோழர் காலம், 11-ம் நூற்றாண்டு", செப்புக் கலவை, உயரம் இத்தனை சென்டிமீட்டர், யார் கொடுத்த நன்கொடை, கடைசியில் ஒரு எண். பிள்ளைகளை நிற்க வைத்து ஒரு போட்டோ, "பாரு, இது நம்ம ஊர்ல செஞ்சது" என்று ஒரு வார்த்தை, அடுத்த கூடம்.

அதே சிலையை அந்த மியூசியத்தின் இணையதளத்தில் தேடிப் பாருங்க. படத்துக்குக் கீழே நாலைந்து தலைப்புகளை மடித்து வைத்திருப்பார்கள். விளக்கம், கண்காட்சிகள், நூல்கள் என்று போகும் வரிசையில் "ப்ராவனன்ஸ்" என்று ஒன்று இருக்கும். பெரும்பாலும் கடைசியில். திறந்தால் ரெண்டு மூணு வரிதான். சில பெயர்கள், சில வருஷங்கள், நிறைய நிறுத்தற்குறிகள். இந்தக் கட்டுரை அந்த ஒரு சொல்லைப் பற்றியது. கலையைப் பற்றி எழுதுகிறவர்கள் அதை எந்த அர்த்தத்தில் எழுதுகிறார்கள் என்று தெரிந்துவிட்டால், அந்த ரெண்டு வரியைப் படிக்காமல் நகர முடியாது.

அகராதியில் "மூலம்", "தோற்றுவாய்", "பிறப்பிடம்" என்றெல்லாம் போட்டிருக்கும். 'ஓரிடத்திலிருந்து வருதல்' என்ற பொருளுள்ள பிரெஞ்சுச் சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன வார்த்தை, அதனால் பலரும் பிறந்த ஊர் என்றே படிக்கிறார்கள். மியூசியக்காரர்களும் ஏல நிறுவனங்களும் கலை வரலாறு எழுதுகிறவர்களும் இதில் கேட்கிற கேள்வி வேறு. இந்தப் பொருள் செய்யப்பட்ட நாளிலிருந்து இன்று வரை யார் யார் கையில் இருந்தது? எந்த வருஷம், எந்த ஊரில், எப்படிக் கைமாறியது?

நமக்கு இது பழக்கமான கேள்விதான். அமெரிக்காவில் கிரீன் கார்டு விண்ணப்பத்தில் "கடந்த 5 வருஷமாக வசித்த எல்லா முகவரியும்" என்று ஒரு பகுதி வருமே, அதேதான். பிறந்த ஊர் என்ற கட்டம் தனி. அதில் ஒரு வரி எழுதினால் முடிந்தது, வாழ்நாள் முழுக்க மாறாது. முகவரிப் பட்டியலில் நடுவில் மூணு மாசம் விட்டுப்போனால் மட்டும் வக்கீல் ஆபீஸிலிருந்து உடனே மெயில் வரும்: "இந்த மூணு மாசம் எங்கே இருந்தீங்க?" ப்ராவனன்ஸ் என்பது சிலையின் முகவரிப் பட்டியல்.

பிறந்த ஊருக்கு, அதாவது பொருள் முதன்முதலில் எந்த இடத்தில் கண்டெடுக்கப்பட்டது என்பதற்கு, தொல்லியல்காரர்கள் "ப்ரவீனியன்ஸ்" என்று கிட்டத்தட்ட அதே ஒலியில் இன்னொரு சொல் வைத்திருக்கிறார்கள். இந்த ரெண்டையும் அவர்களே சில சமயம் மாற்றி எழுதுவதுண்டு. நல்ல புத்தகங்களில் தனித்தனியாகத்தான் இருக்கும்.

அப்படியானால் அட்டையில் இருக்கிற "தமிழ்நாடு, சோழர் காலம்"? அது இந்த ரெண்டுமே இல்லை, மூணாவது ஒன்று. சிலையின் முக அமைப்பு, இடுப்பு ஆடையின் மடிப்பு, நகைகள், பீடம் இதையெல்லாம் பார்த்து நிபுணர்கள் சொல்லும் கணிப்பு. விமான நிலையத்தில் ஒருத்தர் ரெண்டு வார்த்தை பேசியதும் "நீங்க திருநெல்வேலியா?" என்று கேட்கிறோமே, அது மாதிரி. பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். அவர் திருநெல்வேலியிலிருந்து எப்படி இங்கே வந்தார் என்பதை அவர் பேச்சு சொல்லாது. அட்டையில் ஊர்ப்பெயர் இருப்பதால், சிலை வந்த கதையை மியூசியம் சொல்லிவிட்டது போல ஒரு எண்ணம் நமக்கு வந்துவிடுகிறது.

எங்கள் அம்மாவுக்கு இந்த அட்டை தேவையே இல்லை. போன வருஷம் இங்கே வந்திருந்தபோது ஒரு அம்மன் சிலையின் பீடத்தைக் குனிந்து பார்த்துவிட்டு, "இது உற்சவர்டா. பீடத்துல ஓட்டை இருக்கு பாரு, அதுலதான் கம்பு சொருகித் தூக்குவாங்க. மூக்கு முழி மழுங்கியிருக்கு பாரு, எத்தனை வருஷ அபிஷேகமோ" என்றார். மூலவர் கருவறையை விட்டு நகராத கல். செம்பில் வார்த்தவர் வீதிக்கு வருகிறவர். தேய்ந்த முகம் என்றால் அந்தச் சிலை ரொம்ப நாள் வழிபாட்டில் இருந்திருக்கிறது. அம்மா சிலையைப் படித்த விதம் அது. மியூசியத்தின் பட்டியலில் அந்தக் காலத்துக்கு ஒரு வரிகூட இருக்காது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

இந்தச் சொல்லுக்கு ஒரு பயண வரலாறு உண்டு. ஐரோப்பாவில் ஓவியம் வாங்கி விற்கிறவர்களுக்கு முதலில் இது தேவைப்பட்டது அசலா போலியா என்று பார்க்க. வரைந்தவர் வீட்டிலிருந்து இன்றைய சுவர் வரை கைகளின் சங்கிலி அறுபடாமல் இருந்தால் அசல் என்று நம்பலாம். நடுவில் ஒரு ராஜாவோ பிரபுவோ இருந்தால் விலையும் ஏறும். குடும்பப் பெருமை மாதிரி ஒரு விஷயமாகத்தான் இருந்தது. நாஜிகள் யூதக் குடும்பங்களிடமிருந்து பறித்த ஓவியங்களின் விஷயம் 1990-களில் பெரிதாக வெடித்தபோது, சொல்லின் எடை மாறியது. 1998-ல் வாஷிங்டனில் 44 நாடுகள் கூடி சில கொள்கைகளை ஒப்புக்கொண்டன. அதன்பிறகு 1933 முதல் 1945 வரை ஒரு ஐரோப்பிய ஓவியம் எங்கே இருந்தது என்பது மியூசியங்கள் பதில் சொல்ல வேண்டிய கேள்வி ஆனது. நம் சிலைகளுக்கு முக்கியமான வருஷம் 1970. கலைப்பொருள் கடத்தலுக்கு எதிரான யுனெஸ்கோ ஒப்பந்தம் வந்த வருஷம். அமெரிக்க மியூசிய இயக்குநர்கள் சங்கம் 2008-ல் அதையே எல்லைக்கோடாக வைத்தது: 1970-க்கு முன்பே பொருள் தன் நாட்டை விட்டு வெளியேறியிருக்க வேண்டும், அல்லது அதற்குப் பின் சட்டப்படி ஏற்றுமதி ஆகியிருக்க வேண்டும், இல்லையென்றால் பொதுவாக வாங்கக் கூடாது.

சரி, அந்த ரெண்டு வரியை எப்படிப் படிப்பது? ஒரு மாதிரி தருகிறேன். நானே எழுதியது, எந்தச் சிலையுடையதும் இல்லை.

"தனியார் சேகரிப்பு, லண்டன், 1968-க்குள். [கலைப்பொருள் வியாபாரி, நியூயார்க், 1985 வரை]; மியூசியத்துக்கு விற்கப்பட்டது, 1985."

மேலோட்டமாகப் பார்த்தால் லண்டன், நியூயார்க், மியூசியம் என்று ஒழுங்கான கோடு. இப்போது நிறுத்தற்குறிகளைப் பாருங்க. அமெரிக்க மியூசியங்களின் கூட்டமைப்பு 2001-ல் வெளியிட்ட கையேட்டில் ஒரு முறை சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு நேராகப் போனது தெரிந்தால் நடுவில் அரைப்புள்ளி. நேராகப் போகவில்லை, அல்லது போனதாகத் தெரியவில்லை என்றால் முற்றுப்புள்ளி. எல்லா மியூசியமும் இதை அச்சு அசலாகப் பின்பற்றுவதில்லை, ஆனால் நிறைய மியூசியங்கள் பின்பற்றுகின்றன. அரைப்புள்ளி ஒன்று விட்டுப்போனதற்காக ராத்திரி ரெண்டு மணி வரை உட்கார்ந்து தேடுகிற தொழிலில் இருக்கிற எனக்கு, இதைப் படித்த அன்று அப்படி ஒரு சந்தோஷம்.

இந்த முறைப்படி, லண்டனுக்குப் பிறகு வருகிற முற்றுப்புள்ளி ஒரு பள்ளம். அதற்குள் எத்தனை கைகள் இருந்தன என்று தெரியாது. "1968-க்குள்" என்றால் 1968-ல் அவரிடம் இருந்ததற்கு ஏதோ ஆதாரம் இருக்கிறது. எப்போது, எங்கிருந்து வாங்கினார் என்பதற்கு இல்லை. "தனியார் சேகரிப்பு" என்றால் பெயர் தெரியாது, அல்லது தெரிந்தும் சொல்லவில்லை. சதுர அடைப்புக்குறிக்குள் இருப்பவர் வியாபாரி. "1985 வரை" என்கிறார்களே, எப்போதிலிருந்து? ஆக, இந்தக் கோட்டில் உறுதியாகத் தெரிந்தது 1985-ல் ஒரு கடையிலிருந்து மியூசியம் வாங்கியது மட்டும்தான். 1968 என்ற வருஷம் 1970-க்கு வசதியாக ரெண்டு வருஷம் முன்னால் இருப்பதையும் கவனிச்சுக்கோங்க.

அட்டையின் கடைசியில் இருக்கும் எண்ணும் உதவும். பெரும்பாலான அமெரிக்க மியூசியங்களில் அதன் முதல் பகுதி, பொருள் அங்கே வந்து சேர்ந்த வருஷம். கிளீவ்லாந்து மியூசியத்து நடராஜரின் எண் 1930.331. அதாவது 1930-ல் வாங்கியவர். பிள்ளைகளுக்கு இது நல்ல விளையாட்டு. என் மகளுக்கு எட்டு வயசு, கூடத்துக்குள் நுழைந்ததுமே எண்களைப் பார்த்து "இவர் தாத்தா பிறக்கறதுக்கு முன்னாடியே வந்துட்டார், இவர் நீ பிறந்த அப்புறம் வந்தவர்" என்று பிரித்துவிடுகிறாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் இப்படி ஒரு பட்டியலைத் தமிழாக்கி அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அப்பா சார்பதிவாளர் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பாதி படிப்பதற்குள்ளேயே நிறுத்தினார்.

"தாய்ப்பத்திரம் எங்கடா?"

"அது இல்லப்பா. இதுதான் முதல் வரி."

"முதல்ல வித்தவனுக்கு எப்படி வந்துச்சுன்னே இல்லாம, நாலு கை மாறினதை மட்டும் எழுதி என்ன பிரயோஜனம்? நாலாவது பத்திரம் சுத்தமாத்தான் இருக்கும். எங்க ஆபீசுக்கு வர்ற மோசடிப் பத்திரத்துலகூட கடைசிப் பத்திரம் ரொம்ப சுத்தமா இருக்கும்."

நான் இந்தச் சொல்லுக்குத் தேடிக்கொண்டிருந்த தமிழ் அப்போதுதான் கிடைத்தது. நிலம் வாங்கும்போது நாம் பார்க்கிற தாய்ப்பத்திரம், அதற்குப் பின் வந்த கிரையப் பத்திரங்கள், வில்லங்கச் சான்று, இந்த மொத்தக் கட்டும் சேர்ந்ததுதான் ப்ராவனன்ஸ். "உடைமை வரலாறு" என்று எழுதலாம், தப்பில்லை. ஆனால் "தாய்ப்பத்திரம் இருக்கா?" என்று கேட்டால் எங்கள் தெருவில் எல்லோருக்கும் புரியும்.

இப்போது ஸ்ரீபுரந்தான் நடராஜர் கதைக்கு வருகிறேன். அரியலூர் மாவட்டத்தில் இருக்கிற சின்ன ஊர். பிரகதீஸ்வரர் கோயில். பல வருஷமாகப் பூட்டியே கிடந்த கோயிலிலிருந்து 2006 வாக்கில் சிலைகள் திருடு போயின. ஊருக்குத் தெரியாது, ஏனென்றால் யாரும் உள்ளே போவதில்லை. திருட்டு வெளியே தெரிந்தபோது நடராஜர் ஏற்கெனவே விற்றாகிவிட்டார். நியூயார்க்கில் கலைப்பொருள் கடை வைத்திருந்த சுபாஷ் கபூரிடமிருந்து ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-ல் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியிருந்தது.

அவ்வளவு பெரிய நிறுவனம் ப்ராவனன்ஸ் கேட்காமலா வாங்கும்? கேட்டது. கொடுத்தார்கள். 1970 வாக்கில் டெல்லியில் பணியில் இருந்த சூடான் நாட்டுக்காரர் ஒருவர் அங்கேயே வாங்கி, 1972-க்கு முன்பே இந்தியாவிலிருந்து எடுத்துப் போய்விட்டார் என்று காகிதம் இருந்தது. ஏன் 1972? அந்த வருஷம்தான் இந்தியாவில் தொல்பொருள், கலைச்செல்வங்கள் சட்டம் நிறைவேறியது. (அதற்கு முன்பும் சும்மா எடுத்துப் போக முடியாது, 1947-லேயே தொல்பொருள் ஏற்றுமதிக்கு உரிமம் வேண்டும் என்று சட்டம் உண்டு. அது வெளிநாட்டில் பலருக்கு ஞாபகம் வருவதில்லை.) அப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். "பழைய ஸ்டாம்ப் பேப்பர்ல முன்தேதி போட்டு எழுதுறது. இங்க இருக்கிறதுதானே."

இன்னொரு காகிதமும் இருந்தது. களவுபோன கலைப்பொருள்களின் பதிவேடு வைத்திருக்கும் லண்டன் நிறுவனம் ஒன்று உண்டு. அவர்களிடம் கேட்டால் "எங்கள் பதிவேட்டில் இது இல்லை" என்று சான்று தருவார்கள். களவு போனதே தெரியாத சிலை பதிவேட்டில் எப்படி இருக்கும்? வில்லங்கச் சான்றில் "வில்லங்கம் இல்லை" என்று வந்தால், அந்த அலுவலகத்தில் அந்தக் காலத்தில் எதுவும் பதிவாகவில்லை என்றுதான் பொருள். சொத்தில் சிக்கல் இல்லை என்று பொருள் கிடையாது. ஊரில் வீடு வாங்கும் எவருக்கும் தெரிந்த விஷயம், கோடிக் கணக்கில் பணம் புழங்கும் கலைச்சந்தையில் ரொம்ப நாள் யாருக்கும் உறைக்கவில்லை.

பொய்யை உடைத்தது ஒரு கறுப்பு வெள்ளைச் சமாச்சாரம். புதுச்சேரியில் 1955-ல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், 1950-களிலிருந்தே தமிழ்நாட்டுக் கோயில்களுக்கு ஊர் ஊராகப் போய்ப் படம் எடுத்து வைத்திருக்கிறது. ஸ்ரீபுரந்தான் நடராஜர் 1990-களில் அந்தக் கோயிலுக்குள் இருக்கும் படம் அந்தக் காப்பகத்தில் இருந்தது. 1972-க்கு முன்பே சூடான்காரர் எடுத்துப் போன சிலை, 1990-களில் அரியலூர்ப் பக்கத்தில் எப்படி நிற்கும்? சிட்னியில் இருந்த விருத்தாசலம் அர்த்தநாரீஸ்வரர் விஷயமும் இதே போலத்தான். அவர் 1974-ல் கோயிலில் இருந்ததற்குப் படம் இருந்தது. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டெல்லிக்கு வந்தபோது ரெண்டு பேரும் திரும்பி வந்தார்கள். கபூர் 2011-ல் ஜெர்மனியில் கைதாகி, 2012-ல் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு, 2022-ல் உடையார்பாளையம் கோயில் வழக்கில் கும்பகோணம் நீதிமன்றத்தில் 10 வருஷத் தண்டனை பெற்றார்.

படம் ஏன் இவ்வளவு பெரிய சாட்சி? செப்புச் சிலையை மெழுகில் செய்து, அதன்மேல் மண் பூசி, மெழுகை உருக்கி வெளியே விட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். சிலையை எடுக்க மண் அச்சை உடைத்தாக வேண்டும். அதனால் ஒரு அச்சுக்கு ஒரு சிலைதான். திருவாசியில் ஒரு சுடர் உடைந்திருப்பது, பீடத்தில் ஒரு விரிசல், வார்க்கும்போது விழுந்த ஒரு சின்னக் குழி, எல்லாம் கைரேகை மாதிரி. படத்தில் இருப்பதும் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதும் ஒன்றா என்று சொல்லிவிடலாம். சிங்கப்பூரில் இருக்கும் தமிழர் எஸ். விஜயகுமாரும் அவருடைய நண்பர்களும், வேறு வேலை பார்த்துக்கொண்டே, வருஷக்கணக்காக இந்த ஒப்பிடும் வேலையைச் செய்து வருகிறார்கள்.

ப்ராவனன்ஸ் பட்டியல் நீளமாக, பெயர் பெயராக இருந்தால் மட்டும் போதும் என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் சிவபுரம். 1951-ல் அங்கே மண்ணுக்குள்ளிருந்து சில செப்புச் சிலைகள் கிடைத்தன. பழுதுபார்க்கக் கொடுத்த இடத்தில் நடராஜருக்கு ஒரு நகல் செய்து, நகலைக் கோயிலுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டு அசலை விற்றுவிட்டார்கள். ஊர் ஜனங்கள் நகலுக்குத் தீபாராதனை காட்டிக்கொண்டிருந்தார்கள். பிரிட்டிஷ் மியூசியத்தைச் சேர்ந்த டக்ளஸ் பாரெட் 1965-ல் சோழர் செப்புச் சிலைகள் பற்றி எழுதிய நூலில்தான் கோயிலில் இருப்பது அசல் இல்லை என்ற விஷயம் அச்சில் வந்தது. அதற்கு எட்டு வருஷம் கழித்து, 1973-ல், அமெரிக்கக் கோடீஸ்வரர் நார்ட்டன் சைமன் சுமார் 9 லட்சம் டாலருக்கு அதை வாங்கினார். வழக்கு, சமரசம், காட்சிக்கு வைத்துக்கொள்ளச் சில வருஷ அவகாசம் எல்லாம் முடிந்து 1986-ல் இந்தியா திரும்பியது. சிலை எந்த ஊரிலிருந்து, யார் கைக்குப் போனது என்பதெல்லாம் ஓரளவு தெரிந்த கதைதான். முதல் கண்ணிதான் அழுகியிருந்தது.

இதையெல்லாம் படித்துவிட்டு, வெளிநாட்டு மியூசியத்தில் இருக்கிற ஒவ்வொரு சிலையும் திருட்டு என்று முடிவு கட்டுகிற நண்பர்களும் எனக்கு உண்டு. அதுவும் இந்தச் சொல்லைச் சரியாகப் படிக்காததுதான். எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், "நல்" வேறு, "ஃபால்ஸ்" வேறு. காலியாக இருக்கும் கட்டம் 'இல்லை' என்று சொல்லவில்லை, 'தெரியாது' என்கிறது. ஆங்கிலேயர் காலத்தில் வயலை உழும்போது கிடைத்து, 1878-ன் புதையல் சட்டப்படி கலெக்டரிடம் போனவை உண்டு. கோயில் சிதைந்தபின் யாரோ விற்று 1920, 30-களில் பாரிஸ் வழியாக அமெரிக்கா வந்தவை உண்டு. அந்த விற்பனை நியாயமா என்பது தனி விவாதம். பட்டியலில் பள்ளம் இருந்தால் கேள்வி கேட்கலாம்; தீர்ப்பு சொல்ல முடியாது. பள்ளம் இருந்தும் கேள்வியே இல்லை என்று சொல்கிற மியூசியத்தையும் அதே காரணத்துக்காகத்தான் நம்ப முடியாது.

"அங்கேயே இருந்திருந்தா எவனாவது உருக்கியிருப்பான். இங்க ஏசி ரூம்ல பத்திரமா இருக்கு" என்பது தீபாவளி விருந்துகளில் எப்போதும் வரும் பேச்சு. எங்கள் பூர்வீக ஊர் திருவாரூர்ப் பக்கம். அந்த ஊர்க் கோயிலின் உற்சவர்கள் பாதுகாப்புக்காக அரசின் உலோகத் திருமேனிகள் பாதுகாப்பு மையத்தில் இருக்கிறார்கள். திருவிழாவுக்கு மட்டும் வேனில் வருவார்கள், முடிந்ததும் திரும்பிப் போவார்கள். திரும்பி வந்த சிலைகள் பலவும் கோயிலுக்குப் போகாமல் அந்த மாதிரி மையங்களில்தான் இருக்கின்றன. ஆகவே பத்திரம் பற்றிய கவலை வெறும் சால்ஜாப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் நகையைப் பத்திரமாக வைத்திருக்கிறாரா என்பது ஒரு கேள்வி, நகை யாருடையது என்பது இன்னொரு கேள்வி. முதலாவதற்குப் பதில் சொல்லி ரெண்டாவதை முடிக்கப் பார்க்கிறோம்.

யாருடையது என்பதற்கு லண்டன் நீதிமன்றம் ஒரு தடவை பதில் சொல்லியிருக்கிறது. 1976-ல் பத்தூரில் ஒரு தொழிலாளி மண்வெட்டியில் தட்டுப்பட்ட நடராஜர், பல கை மாறி, 1982-ல் ஒரு கனடா நிறுவனத்திடம் போனார். பழுதுபார்க்க பிரிட்டிஷ் மியூசியத்துக்கு வந்தபோது லண்டன் போலீஸ் கைப்பற்றியது. அந்த நிறுவனத்திடமும் போலியான ப்ராவனன்ஸ்தான் இருந்தது. இந்தியச் சட்டத்தில் கோயிலுக்கும் சாமிக்கும் சட்டப்படி ஓர் ஆளுமை உண்டு. சொத்து வைத்திருக்கலாம், வழக்குப் போடலாம். இடிந்து கிடந்த பத்தூர்க் கோயிலும் அப்படி வழக்காட முடியும் என்று இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் 1991-ல் ஏற்றுக்கொண்டது. நடராஜர் ஊர் திரும்பினார்.

அம்மா பார்த்த அந்தத் தேய்ந்த முகத்துக்கு இப்போது வரலாம். மியூசியங்களின் பட்டியல்கள் எல்லாம் முதல் சேகரிப்பாளரிடமிருந்தோ முதல் வியாபாரியிடமிருந்தோதான் தொடங்குகின்றன. "லண்டன், 1968-க்குள்" என்று. 11-ம் நூற்றாண்டில் செய்த சிலை என்று அட்டையே சொல்கிறது. நடுவில் கிட்டத்தட்ட 900 வருஷம். அந்த வருஷங்களில் அதற்கு உரிமையாளர் இல்லாமல் இல்லை. ஒரே உரிமையாளர், ஒரே முகவரி. அந்தப் பெயரை மட்டும் விட்டுவிட்டு, பத்து வருஷம் வைத்திருந்தவர்களின் பெயரை எழுதுகிறார்கள்.

சோழர்கள் எழுதாமல் விட்டவர்கள் இல்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ராஜராஜனும் அவன் அக்கா குந்தவையும் மற்றவர்களும் கொடுத்த செப்புத் திருமேனிகளின் பட்டியல் இருக்கிறது. யார் கொடுத்தது, உயரம் எத்தனை முழம் எத்தனை விரல், எத்தனை கை, என்ன பீடம், என்னென்ன நகை, நகையில் எத்தனை முத்து என்று வரி வரியாக. இன்றைய மியூசியப் பதிவாளர்கூட இவ்வளவு நுணுக்கமாக எழுதுவதில்லை. அப்பா கேட்ட தாய்ப்பத்திரம் எப்படி இருக்கும் என்பதற்கு அதைவிட நல்ல மாதிரி எனக்குத் தெரியாது. எல்லாக் கோயிலுக்கும் அப்படிக் கல்வெட்டு இல்லை என்பதுதான் சோகம்.

சில இடங்களில் இப்போது மாற்றம் தெரிகிறது. ஆக்ஸ்ஃபோர்டின் அஷ்மோலியன் மியூசியம் 1967-ல் லண்டன் ஏலத்தில் வாங்கிய திருமங்கையாழ்வார் சிலை, 1957-ல் கும்பகோணம் பக்கத்துக் கோயில் ஒன்றில் இருந்ததற்குப் புதுச்சேரிக் காப்பகத்தில் படம் இருப்பதாக ஓர் ஆய்வாளர் சொன்னார். மியூசியமே இந்தியத் தூதரகத்துக்கு எழுதியது. 2024-ல் பல்கலைக்கழகம் திருப்பித் தர ஒப்புக்கொண்டது. 1957-க்கும் 1967-க்கும் நடுவில் இருந்த அந்தப் பள்ளத்தை அவர்களே வெளியே சொன்னதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

நம் பக்கம் செய்யக் கூடியது ஒன்று உண்டு. வீட்டு ஆல்பங்களில் திருவிழாப் படங்கள் இருக்கும். பட்டும் மாலையும் சாத்திய படத்தில் சாமியின் முகம் மட்டும்தான் தெரியும், ஒப்பிடுவதற்கு அது போதாது. அலங்காரம் கலைத்து அபிஷேகம் நடக்கும்போது யாராவது எடுத்த படம் இருந்தால், பின்னால் ஊர்ப்பெயரும் வருஷமும் எழுதி, ஸ்கேன் செய்து வையுங்க. எங்கள் பெரியப்பா வீட்டு பீரோவில் அப்படி மூணு படம் கிடைத்தது. 1983 என்று பின்னால் பென்சிலில் எழுதியிருக்கிறது.

பட்டியலில் பள்ளம் தெரிந்தால் மியூசியத்துக்கு எழுதியும் கேட்கலாம். அட்டையில் இருக்கும் எண்ணைக் குறிப்பிட்டு, எந்த வருஷங்களுக்கு நடுவில் விவரம் இல்லை என்று கேட்டால் போதும். கோபமெல்லாம் தேவையில்லை. "இது யாரோடதுப்பா?" என்று மகள் கேட்ட ஒரு சிலைக்கு நான் அப்படி எழுதினேன். முதல் சேகரிப்பாளருக்கு அது எங்கிருந்து வந்தது, அவருக்கும் அடுத்தவருக்கும் நடுவில் இருப்பது முற்றுப்புள்ளியா அரைப்புள்ளியா, இந்த ரெண்டே கேள்விதான். மூணு வாரத்தில் பதில் வந்தது. மரியாதையான பதில். முதல் கேள்விக்கு அவர்களிடம் ஆவணம் இல்லையாம், தேடிக்கொண்டிருக்கிறார்களாம். ரெண்டாவதற்கு, தட்டச்சில் விழுந்த அரைப்புள்ளியாம், முற்றுப்புள்ளியாகத் திருத்துகிறோம் என்று எழுதியிருந்தார்கள். போன வாரம் பார்த்தேன், திருத்தியிருக்கிறார்கள்.